டெஸ் பிக்கரிங் சொல்லாத பெயர்

டெஸ் பிக்கரிங் எனக்கு முந்நூற்று நாற்பது பவுண்டு கடன்பட்டிருந்தான். 1978 மார்ச்சில் கணக்கு அது. பச்சை வண்டி ஒன்றை என்னிடம் அறுநூறு பவுண்டுக்குத் தவணையில் எடுத்திருந்தான். பின்னால் ஐஸ் பெட்டி, பக்கவாட்டில் தூக்கித் திறக்கிற கதவு, தெருத் தெருவாக மீன் விற்கத் தோதான வண்டி.

எனக்குக் கடன்பட்டவர்கள் ஹெஸ்ஸல் சாலையில் அந்த நாளில் முப்பது பேராவது இருப்பார்கள். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இங்கிலாந்தின் ஹல் மீன் துறைமுகத்தில் தள்ளுவண்டி தள்ள வந்தவன் நான். ஐம்பது வயதில் பதினான்கு வண்டிகள், ஓர் ஐஸ் கிடங்கு, மீனைப் புகையில் வாட்டும் கூடம் இரண்டு. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. செட்ரிக் ஸ்டாதர்ஸ் என்ற பெயரை எழுத்தே தெரியாதவனும் வண்டிப் பக்கத்தில் பார்த்துப் படித்துவிடுவான்.

இருந்தும் எங்கள் குத்துச்சண்டைக் கழகத்தின் ஆண்டு மலருக்கு டெஸ்ஸைப் பற்றித்தான் எழுதச் சொல்கிறார்கள். "அவரை நல்லாத் தெரிஞ்சவர்னு மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்றார் செயலாளர். அந்தக் கழகத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன் நான். கூரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி, எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன், எனக்குப் பாதகமாக இருந்தாலும்.

டெஸ் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன். மொத்தம் எழுபத்தொரு சண்டை. ஜெயித்தது ஒன்பது, சமன் நான்கு, மீதி ஐம்பத்தெட்டும் தோல்வி. விஷயம் தெரியாதவன் இதைப் படித்தால் சிரிப்பான். மேலே வரப்போகிற பையன் ஒவ்வொருவனுக்கும் ஓர் எதிராளி தேவை. அந்த எதிராளி பலமாகவும் இருக்க வேண்டும், பையனைக் கெடுத்துவிடவும் கூடாது. அதற்கு நாட்டிலேயே நம்பகமான ஆள் டெஸ். முதல் நாள் சாயங்காலம் 'வெள்ளைக் கரடி' பப்புக்குத் தொலைபேசி வரும். நாளைக்கு மான்செஸ்டர், ஆறு ரவுண்டு, எண்பது பவுண்டு, வருகிறாயா? இவன் கையிலிருக்கும் மீன் செதிலைக் கழுவிவிட்டு மறுநாள் ரயிலேறுவான். மேடையில் வெளியூர்க்காரனுக்கு ஒதுக்கிய மூலையில் உட்காருவான். ஆறு ரவுண்டும் நின்று ஆடுவான், புள்ளிக் கணக்கில் தோற்பான், மறுநாள் மீன் ஏலத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பான்.

அவன் சண்டையை விற்றவன் இல்லை. அதை யாராவது சொன்னால் நானே பல்லை உடைப்பேன். அவன் கணக்கு வேறு. நாக் அவுட் ஆகி விழுந்தால் இருபத்தெட்டு நாள் உரிமத்தை முடக்கிவிடுவார்கள். இருபத்தெட்டு நாளும் சண்டைக் கூலி கிடையாது. ஆகவே விழக் கூடாது. எழுபத்தொரு சண்டையில் இரண்டே முறைதான் விழுந்திருக்கிறான். முகத்தையும் பத்திரமாக வைத்திருந்தான். முப்பத்தாறு வயதில், அத்தனை பேரிடம் அடி வாங்கியபின், தேவாலயத்தில் பாடுகிற பிள்ளை மாதிரி முகம்.

இப்படி எல்லாரிடமும் தோற்றதால் அவனுக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது. யாருக்கு எந்த ரவுண்டில் மூச்சு வாங்கும், யார் இடது கையை ஓங்கும் முன் கண்ணைச் சிமிட்டுவான், யார் பயந்தால் சிரிப்பான், எல்லாம். ஆகவே பெரிய சண்டை எது வந்தாலும் கரடி பப்பில் ஆட்கள் டெஸ்ஸைத்தான் கேட்பார்கள். சிகரெட் இயந்திரத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொல்வான். அதை வைத்து மறுநாள் பந்தயக் கடையில் வரிசை நிற்கும்.

எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன பயன்? நானும் ராணுவத்தில் குத்துச்சண்டை ஆடியவன்தான். படைப்பிரிவுச் சாம்பியன். கோப்பை இன்றைக்கும் என் அலுவலகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் பப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் காசில் பீர் போகும். அந்த பீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசும்போது தலையாட்டுவார்கள். டெஸ் பேசும்போது தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார்கள். அந்த வித்தியாசம் வாங்கிக் கொடுக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா?

என் மனைவி ஹில்டாகூட அவன் வண்டியில்தான் மீன் வாங்குவாள். என் மனைவி! அவன் விற்கிற மீனே என் கிடங்கிலிருந்து போகிற மீன்.

"நம்ம வீட்டு மீனையே காசு குடுத்து வாங்குறியேடி" என்று கேட்டால், "அவன் முள்ளு எடுத்துக் குடுக்கிறான். பேசிட்டே எடுக்கிறான். நீ எனக்கு முள்ளு எடுத்துக் குடுத்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்பாள்.

முந்தைய அக்டோபரில் நாட்டின் ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஜோ ஹார்க்கரும் வின்ஸ் டாலிஸும் மோதினார்கள். ஹார்க்கர் எங்கள் பக்கத்து ஆள், ஹாலிஃபாக்ஸ்காரன், வலது கை இடி மாதிரி இறங்கும். டாலிஸ் லண்டன்காரன், வேகம். நான் பப்பில் எழுந்து நின்று ஹார்க்கர் ஐந்தாவது ரவுண்டில் முடிப்பான் என்று சொன்னேன். ஏன் என்று கால் மணி நேரம் விளக்கினேன். டெஸ் தன் கிளாஸைப் பார்த்தபடி, "டாலிஸ். ஒன்பது தாண்டாது" என்றான். இரண்டு பேரிடமும் அவன் எட்டு எட்டு ரவுண்டு ஆடித் தோற்றிருந்தான்.

ஒன்பதாவது ரவுண்டில் டாலிஸ் ஹார்க்கரைப் படுக்க வைத்தான். அன்றைக்கு டெஸ்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு பப்பைச் சுற்றி வந்தார்கள். தூக்கியவர்களில் இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

மறுபோட்டி ஏப்ரலில் என்று அறிவித்தார்கள். ஹார்க்கரின் ஆட்கள் செய்த முதல் வேலை, டெஸ்ஸைக் கூப்பிட்டதுதான். பயிற்சியில் டாலிஸாக நின்று கொடுக்க ஓர் ஆள் வேண்டும். டாலிஸ் மாதிரியே கை தூக்க வேண்டும், டாலிஸ் மாதிரியே கால் வைக்க வேண்டும், டாலிஸ் செய்கிற தப்பையும் செய்ய வேண்டும். ஐந்து வாரம், திங்கள் முதல் வியாழன் வரை ஹாலிஃபாக்ஸில். வெள்ளியும் சனியும் ஊருக்கு வந்து மீன் விற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது வாரம் டெஸ் என் அலுவலகத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. அவன் யாருக்கும் தொப்பியைக் கழற்றியதில்லை.

"முதலாளி, தவணை கொஞ்சம் நிக்கும். வாரத்துல ரெண்டு நாள் வியாபாரம் வீட்டுக்கே பத்தல."

"எப்ப வரும்?"

"கையில தொண்ணூறு சேத்து வச்சிருக்கேன். ஜோ ஜெயிச்சா எனக்கு இருநூத்தம்பது தர்றதாப் பேச்சு. மொத்தமா அடைச்சிடறேன்."

"தோத்தா?"

"தோத்தா ஒண்ணும் இல்ல. அதான் பேச்சு."

கணக்கில் நான் கெட்டி. தொண்ணூறும் இருநூற்றைம்பதும் முந்நூற்று நாற்பது. ஒரு பென்னி கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. இவன் வண்டி ஹார்க்கரின் கையுறைக்குள் இருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. நல்ல முதலாளியாக இருந்தால் பரவாயில்லை, மெதுவாகக் கொடு என்று சொல்லியிருக்கலாம். "பாப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சண்டைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு பயிற்சி முடிந்து டெஸ் ஊர் திரும்பினான். அந்த வெள்ளிக்கிழமை கரடி பப்பில் கால் வைக்க இடமில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஹார்க்கருடன் ஐந்து வாரம் நின்றவன், டாலிஸை எட்டு ரவுண்டு அறிந்தவன், இந்த நாட்டிலேயே இரண்டு பக்கமும் தெரிந்தவன் எங்கள் ஆள்.

"டெஸ்ஸு, சீக்கிரம் சொல்லுடா. யாரு?"

"இந்த வாரம் ஹாடக் நல்லா இருக்கு."

"யோவ், மீனையா கேட்டோம்?"

"காட் கொஞ்சம் சின்னது."

சிரிப்பு. அப்படியே அரை மணி நேரம் போனது. கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஆளாளுக்கு பீர் வாங்கி முன்னால் வைத்தார்கள். டெஸ் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவன் ஸ்டூலில் உட்காரவும் இல்லை, சுவரோரம் நின்றே குடித்தான். அதை நான் கவனித்தேன். கவனித்து, பரபரப்பு என்று முடிவு கட்டினேன்.

அவன் பேசாமலே ஊரைக் கட்டிப்போட்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. டேய் டெஸ், எனக்கு நீ முந்நூத்து நாப்பது தரணும். உண்டா இல்லையா?"

"உண்டு முதலாளி."

"ஒரே ஒரு பேரு சொல்லு. ஹார்க்கரா, டாலிஸா. சொன்ன நிமிஷம் கடன் தீந்துச்சு. தப்பாப் போனாலும் பரவால்ல, வண்டி உன்னோடது."

கடைக்காரி மாவிஸ் பீர் ஊற்றுவதை நிறுத்தினாள். "செட்ரிக், உனக்கு ஜுரமா? இருபது வருஷத்துல நீ ஒரு பென்னி விட்டுக் குடுத்து நான் பாத்ததில்ல."

எனக்கு ஜுரம் இல்லை. அவன் வாய்க்கு ஊர் கொடுக்கிற மதிப்பை முந்நூற்று நாற்பது பவுண்டுக்கு நான் வாங்கப் பார்த்தேன். வாங்கிவிட்டால் அது என் சரக்கு. நாளைக்கு யார் கேட்டாலும், ஸ்டாதர்ஸ் காசு கொடுத்தார், டெஸ் சொன்னான் என்றுதான் பேச்சு வரும்.

டெஸ் கிளாஸை இடது கையிலிருந்து கீழே வைத்தான்.

"முதலாளி, எனக்குன்னு ஒரு அபிப்ராயம் இருந்தா ஓசியிலயே சொல்லிடுவேன். போன தடவ சொல்லலையா? இப்ப என்கிட்ட இருக்கிறது அபிப்ராயம் இல்ல. அங்க நின்னு பாத்தது. அது ஜோவுக்குச் சொந்தம். அவன் காசுல தின்னுட்டு, அவன் வீட்டுல படுத்துட்டு, இங்க வந்து விக்க முடியாது."

"இங்க சொன்னா யாருக்குடா தெரியப் போகுது?"

"இங்க சொன்னா நாளைக்குப் பந்தயக் கடையில வரிசை நிக்கும். நாளான்னைக்கு லண்டன்ல டாலிஸ் காதுக்குப் போயிரும். உங்களுக்குத் தெரியாததா?"

"ஊரே உன் வாயப் பாத்துட்டு நிக்குது."

"நிக்கட்டும். கால் வலிச்சா உக்காருவாங்க."

பப் வெடித்துச் சிரித்தது. என் பீரைக் குடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சரிடா. அப்ப சண்டை முடிஞ்ச சனிக்கிழமை பகல் பன்னெண்டு மணி. என் அலுவலகம். பணம், இல்லன்னா வண்டிச் சாவி."

"சரி முதலாளி" என்றான். அவ்வளவுதான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

அவன் போனபின் நான் மனசுக்குள் ஒரு பெரிய கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியென்று இன்றைக்கும் பாதிப் பேர் சொல்வார்கள். முதல் போட்டிக்கு முன்னால் ஹார்க்கருக்குப் பயிற்சிக்குப் போன இரண்டு பையன்களும் கண் வீங்கித் திரும்பினார்கள். ஒருவனுக்கு மூக்கு கோணலாகவே நின்றுவிட்டது. இந்த முறை டெஸ் ஐந்து வாரம் நின்றுவிட்டு வந்திருக்கிறான், முகத்தில் ஒரு கீறல் இல்லை. அப்படியென்றால் ஹார்க்கரின் வலது கை செத்துவிட்டது. இரண்டாவது, ஜெயிக்கப் போகிறவனைப் பற்றி நல்ல செய்தி இருந்தால் எவனாவது இப்படி மூடி மறைப்பானா? எழவு வீட்டுச் செய்தியைத்தான் மறைப்பான்.

திங்கட்கிழமை பந்தயக் கடைக்குப் போய் டாலிஸ் ஜெயிப்பான் என்று ஐந்நூறு பவுண்டு கட்டினேன். கட்டியதைப் பப்பில் எல்லாரிடமும் சொன்னேன். என்னைப் பார்த்து இன்னும் இருபது பேர் கட்டினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சண்டைக்கு ஊர் என் பேச்சைக் கேட்டது. அந்த வாரம் முழுக்க நான் இரண்டு அங்குலம் உயரமாக நடந்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஹில்டா ஒரு புகார் மாதிரிச் சொன்னாள். "டெஸ் இன்னைக்குப் பெட்டியை உள்ள கொண்டு வந்து வைக்கல. வாசல்ல நின்னுட்டு, நீங்களே எடுத்துக்குங்கம்மான்னான்."

"பாத்தியா? நாலு பேரு கேள்வி கேட்டதும் திமிரு ஏறிப் போச்சு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "முள்ளும் எடுக்கல. முழுசாவே குடுத்தான். இடது கையால குடுத்தான்."

"இனிமே நம்ம கிடங்குலயே வாங்கு" என்றேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. முள்தான் இரண்டு முறை தொண்டையில் குத்தியது.

சண்டை செவ்வாய்க்கிழமை மாலை. மாவிஸ் வானொலியை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மதுப்புட்டிகள் இருந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். டெஸ் முன்பு நின்ற அதே சுவரோரம் நின்றான். அவன் முகத்தையே பார்க்கிற மாதிரி இடம் பிடித்து நான் உட்கார்ந்தேன். சண்டையைக் காதால் கேட்கலாம், அவன் தோற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஹார்க்கர் விழுந்தால் சனிக்கிழமை சாவி என் மேசைக்கு வரும். அது டெஸ்ஸுக்கும் தெரியும், பப்பில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

முதல் நான்கு ரவுண்டும் டாலிஸ்தான். வானொலிக்காரன் குரலே சொன்னது. டாலிஸின் இடது, மறுபடி டாலிஸின் இடது, ஹார்க்கர் தேடுகிறார், ஹார்க்கருக்கு அகப்படவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் என் முதுகைத் தட்டினார்கள். டெஸ் தரையைப் பார்த்தபடி நின்றான். ஐந்தாவதில் ஹார்க்கரின் புருவம் கிழிந்தது.

"மாவிஸ், எல்லாருக்கும் ஊத்து. என் கணக்கு" என்றேன். "டெஸ்ஸுக்கும் ஊத்து. வண்டி இல்லாம நடந்து போகணும், தெம்பு வேணும்ல."

இதை எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன். சொன்னது உண்மை, ஆகவே எழுதுகிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாவிஸ் டெஸ்ஸுக்கு ஊற்றினாள். என் கணக்கில் எழுதாமல் தன் காசைக் கல்லாவில் போட்டாள்.

ஏழாவது ரவுண்டு. டாலிஸ் முன்னால் வருகிறார் என்றான் வானொலிக்காரன், டாலிஸ் வலது கையை வீசத் தயாராகிறார். அந்த வார்த்தை வந்ததும் டெஸ்ஸின் வலது முழங்கை தானாக விலாவோடு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த நொடி வானொலியில் ஒரே கூச்சல். ஹார்க்கரின் இடது கை. தலைக்கு இல்லை, விலாவுக்கு. டாலிஸ் ஒரு காலை மடித்து உட்கார்ந்துவிட்டார், தலை தெளிவாக இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. நடுவர் எண்ணுகிறார். ஏழு, எட்டு, ஒன்பது.

பத்து.

பப் இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு சத்தம். என் பேச்சை நம்பிக் காசு கட்டியவர்களும் கத்தினார்கள். ஹார்க்கர் எங்கள் பக்கத்து ஆள் அல்லவா. நாலைந்து பேர் பாய்ந்து டெஸ்ஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள்.

டெஸ் அலறினான். எழுபத்தொரு சண்டையில் அவன் வாயிலிருந்து வராத சத்தம். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துச் சுவரோடு சரிந்தான்.

மாவிஸ் பீர் ஊற்றும் மேடையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே ஓடி வந்தாள். "தள்ளுங்கடா மாடுங்களா!" என்று கத்திக்கொண்டே அவன் சட்டையைக் கால்சட்டையிலிருந்து உருவி மேலே தூக்கினாள். வலது பக்கம், அக்குளிலிருந்து இடுப்பு வரை, கத்தரிக்காய் நிறம். ஓரத்தில் பழைய காயம் மஞ்சளாகி, அதன் மேல் புதுக் காயம். நடுவில் ஒரு விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"எத்தனை நாளாடா இது?" என்றாள்.

"மூணாவது வாரத்துல உடைஞ்சுது" என்றான் டெஸ், மூச்சை இழுத்து இழுத்து. "டாலிஸு வலது கை ஓங்கும்போது முழங்கையத் தூக்குவான். நானும் தூக்கணும்ல. தூக்கினாத்தான ஜோ அங்க அடிச்சுப் பழக முடியும்."

"உடைஞ்ச அப்புறமும் தூக்கினியா?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மாவிஸ். வேற ஆளு வருவான். அந்த இருநூத்தம்பது அவனுக்குப் போயிரும்."

எல்லாரும் அந்த விலாவையே பார்த்தார்கள். அதற்கப்புறம் மெதுவாக ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் கிளாஸைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஓடியது இரக்கம் என்று எழுதினால் அது பொய். அடி வாங்கிக் கீழே கிடக்கும்போதும் ஊர் இவனைத்தான் பார்க்கிறது என்றுதான் ஓடியது. ஐந்நூறு பவுண்டு போனதுகூட அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனால் ஹில்டா அடுப்பங்கரை மேசையில் பந்தயச் சீட்டு ஒன்றை நீவி நீவி வைத்துக்கொண்டிருந்தாள். ஹார்க்கர் மேல் ஐந்து பவுண்டு, ஒன்றுக்கு மூன்று.

"இது எப்போ?"

"சனிக்கிழமை."

"டெஸ் உன்கிட்டச் சொன்னானா? ஊருக்கே சொல்லாதவன் உன்கிட்டச் சொன்னானா?"

"அவன் ஒரு வார்த்தை பேசல. ரெண்டு ஹாடக் இருக்கிற பெட்டிய அவ்வளவு பெரிய ஆளு தூக்க முடியலன்னா, எவனோ அவன விலாவுல அடிச்சிருக்கான். ஒரு நாள் இல்ல, பல நாள். அடிச்சவன் கையில சரக்கு இருக்குன்னுதானே அர்த்தம்? நீதானே படைப்பிரிவுச் சாம்பியன். உனக்குத் தோணலையா?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னேனே, மேசையில. நீதான் திமிருன்னே."

அந்தப் பதினைந்து பவுண்டில் அவள் ஒரு தொப்பி வாங்கினாள். பச்சைத் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

வெள்ளிக்கிழமை ஜோ ஹார்க்கர் ஹல்லுக்கு வந்தான். பட்டம் ஜெயித்த ஆள், புருவத்தில் ஆறு தையலோடு, தானே கார் ஓட்டிக்கொண்டு. இந்த ஊரில் வசதியான மனிதர் யார் என்று கேட்டிருந்தால் என் வீட்டைக் காட்டியிருப்பார்கள். அவன் கேட்கவில்லை. நேராக டெஸ் வீட்டுக்குப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்து, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். என் முற்றத்தைத் தாண்டித்தான் கார் போனது. நான் வாசலில் நின்று கையைக்கூடத் தூக்கினேன். அவன் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பச்சை வண்டி என் முற்றத்தில் வந்து நின்றது. டெஸ் இறங்குவதற்கு நேரம் ஆனது. முதலில் கால், அப்புறம் கதவைப் பிடித்து உடம்பு. என் ஆட்கள் பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன். அவன் படியேறி வரட்டும் என்று உள்ளேயே இருந்திருக்கலாம். அந்தப் படிகள் ஒன்பது. அன்றைக்கு அது எனக்கே அதிகமாகப் பட்டது.

"எங்க போட்டிருக்கு கட்டு?"

"விலாவைச் சுத்தி. டாக்டர் ஆறு வாரம்னாரு."

"ஆறு வாரம் வண்டி எப்பிடி ஓட்டுவ? பணத்த வச்சுக்க. வீட்டுச் செலவு இருக்கும். அப்புறமாப் பாத்துக்கலாம்."

நிஜமாகத்தான் சொன்னேன். என் ஆட்கள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவும் சொன்னேன்.

"வேணாம் முதலாளி. பன்னெண்டு மணின்னீங்க."

"அன்னைக்குக் கோவத்துல சொன்னதுடா."

"கோவத்துல சொன்னாலும் எல்லாரும் கேட்டாங்கல்ல" என்றான் சிரித்தபடி. சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க."

ஊரிலுள்ள மற்றவர்கள் கேட்ட மாதிரியே அவனைக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"மூணாவது தடவ மோதினா யாருடா?"

டெஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஜோ என்னை மறுபடி கூப்பிட்டிருக்கான் முதலாளி. கையை நீட்டுங்க."

எங்கள் மீன் துறைமுகத்தில் யாரும் பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவதில்லை. வாங்குகிறவன் உள்ளங்கையை விரிக்க வேண்டும், கொடுக்கிறவன் ஒவ்வொரு நோட்டாக அதில் வைத்துச் சத்தமாக எண்ண வேண்டும், சுற்றி நிற்கிறவர்கள் சாட்சி. நான் முப்பது வருஷமாக அந்தக் கையை நீட்டி வந்தவன். அன்றைக்கும் நீட்டினேன்.

வலது கையை அசைக்காமல் இடது கையால் எண்ணினான். இருநூற்றைம்பது ஹார்க்கர் கொடுத்த புதுப் பத்துகள், மடிப்பு விழாதவை. தொண்ணூறு அவன் சேர்த்த ஐந்துகளும் ஒன்றுகளும், ஓரத்தில் செதில் ஒட்டியவை. அவசரப்படவில்லை. ஒவ்வொரு நோட்டையும் கட்டைவிரலால் அழுத்தி வைத்தான். முந்நூற்று முப்பத்தெட்டு. முந்நூற்று முப்பத்தொன்பது. கடைசியாகக் கசங்கிய ஒரு பவுண்டு நோட்டைத் தொடையில் வைத்து நீவி, நாற்பது என்று சொல்லி, விரிந்திருந்த என் உள்ளங்கையில் வைத்தான்.